புதுப்பிப்பு: கடவுச்சொல் சரிபார்ப்பு நிரலைத் திருத்தியாகிவிட்டது

நான் பங்களிக்கும் ஓப்பன் சோர்ஸ் எக்ஸ்எம்பிபி (உடனடிச் செய்திகளுக்கான நெறிமுறை) லைப்ரரி, சர்வர் ஸ்க்ராம் (கடவுச்சொல்லையே அனுப்பாமல், அது தெரியும் என்று நிரூபிக்கும் உள்நுழைவு முறை) தராவிட்டால் சத்தமில்லாமல் டைஜெஸ்ட்-எம்டி5 என்ற பழைய முறைக்கும், அதுவும் இல்லையென்றால் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் ப்ளெயினுக்கும் இறங்கிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அது முடிந்தது. டைஜெஸ்ட்-எம்டி5-ஐ நீக்கிவிட்டோம் (2011-லேயே ஆர்எஃப்சி 6331 என்ற இணையத் தர ஆவணம் அதை ஓரங்கட்டிவிட்டது). இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் இருந்து, பயனரும் அனுமதித்தால்தான் இனி ப்ளெயின்.

ஆனால் நிரலைத் திறந்து பார்த்தபோது கண்ணில் பட்ட இன்னொன்றுதான் என்னைப் பதறவைத்தது. ஸ்க்ராமில் சர்வர் கடைசியாக ஒரு கையொப்பம் அனுப்பும், நம் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவி தன்னிடமும் இருக்கிறது என்று அது நிரூபிக்கும் இடமே அதுதான். எங்கள் நிரல் அதை வாங்கிவைத்துக்கொண்டு ஒப்பிடாமலேயே 'வெற்றி' என்றது! இப்போது ஒப்பிடுகிறது, பொருந்தாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கிறது.

சுற்று எண்ணிக்கையும் (கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கை எத்தனை முறை திரும்பச் செய்வது என்று சர்வர் சொல்லும் எண்) அப்படித்தான். போலி சர்வர் 1 என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு, கடவுச்சொல்லை ஊகிப்பதை எளிதாக்கும் பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது. இனி 4096-க்குக் கீழே என்றால் மறுக்கும். சோதனைக்கு ஆர்எஃப்சி 5802-இல் 'பென்சில்' என்ற கடவுச்சொல்லுடன் வரும் உதாரணத்தையே எடுத்தேன், பைட்டுக்குப் பைட் பொருந்துகிறது.

பாக்கி இருப்பது யூனிகோடு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அனுப்பலாம், இரண்டாகப் பிரித்தும் அனுப்பலாம். திரையில் ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் (சுருக்க மதிப்பு) வேறு, அதனால் சரியான கடவுச்சொல்லும் பொருந்தாமல் போகலாம். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சாஸ்ல்ப்ரெப் விதிகளைச் சேர்த்தால்தான் இது தீரும், அதற்கான பேட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்.