மெமரி பேண்ட்வித்: ‘வரத்து’ என்று சொன்னால் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

வரைகலை அட்டைகளை ஒப்பிடும் தமிழ் அட்டவணையில் மற்ற வரிசைகளுக்கெல்லாம் ஒருவாறு சொல் அமைந்துவிட்டது. மெமரி பேண்ட்வித் மட்டும், அதாவது அட்டையின் நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே வினாடிக்கு எவ்வளவு தரவு போய்வரும் என்ற அளவு மட்டும், இன்னும் இழுபறியில் இருக்கிறது. கடலூர்ப் பக்கம் அட்டை வாங்கப் போகிற பையன்கள் கேட்பது “எத்தனை ஜிபி கார்டு?” என்ற ஒரே கேள்விதான். விற்பவரும் அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. கேட்க வேண்டிய இன்னொரு கேள்விக்கு நம் பேச்சில் சொல்லே இல்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

> பேண்ட்வித்துக்குக் கற்றையகலம் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, அது வானொலிக்குப் பொருந்தும். அங்கே அலைவரிசைப் பட்டை எவ்வளவு அகலம் என்பதை ஹெர்ட்சில் அளக்கிறோம். நினைவகத்தில் அளப்பதோ வினாடிக்கு இத்தனை ஜிகாபைட் என்று. இங்கே கற்றையும் கிடையாது, அகலமும் கிடையாது. அகலம் என்று சொல்லத்தக்கது இதே அட்டவணையில் வேறொரு வரிசையில் இருக்கிறது: மெமரி பஸ் வித், அதாவது நினைவகத்தையும் செயலியையும் இணைக்கும் பாட்டையின் அகலம். 128 பிட், 192 பிட், 256 பிட் என்று வருமே, அது. பாட்டை அகலம் என்று ஒரு வரிசையும் கற்றையகலம் என்று அடுத்த வரிசையும் நின்றால், படிப்பவர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் 12 ஜிபி வகைக்குப் பாட்டை அகலம் 192 பிட். ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு 15 ஜிகாபிட். இரண்டையும் பெருக்கி, பைட்டாக மாற்ற 8 ஆல் வகுத்தால் 360 ஜிகாபைட். அதே பெயரில் பிறகு வந்த 8 ஜிபி வகையில் பாட்டை 128 பிட்தான்; விடை 240 ஆகிவிடுகிறது. இரண்டிலும் கூடா கோர்கள் (கணக்கிடும் சிற்றலகுகள்) 3584. பெட்டியைப் பார்த்து வாங்குகிறவர் 4 ஜிபிதானே குறைகிறது என்று நினைப்பார். மூன்றில் ஒரு பங்கு வேகமும் சேர்ந்து போனதைப் பெட்டி பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

ஜிடி 1030 என்ற அட்டையின் கதை இன்னும் மோசம். 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது வினாடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த ஆண்டு வேகம் குறைந்த டிடிஆர்4 நினைவகம் வைத்து அதே பெயரில் இன்னொன்று வந்தது; அதில் ஏறக்குறைய 17. இரண்டும் 2 ஜிபி. “எத்தனை ஜிபி?” என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே பதிலைத்தான் தரும்.

என் பரிந்துரை: நினைவக வரத்து. சுருக்கமாக, வரத்து.

மழைக்காலத்தில் எங்கள் மாவட்டச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி, கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள். ஏரியில் இருப்பு வேறு, வரத்து வேறு என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘வினாடிக்கு’ என்ற அலகோடு ஏற்கெனவே பழகிய சொல் என்பது கூடுதல் வசதி. கடலூர் முதுநகரில் மீன் வரத்து, சந்தையில் காய்கறி வரத்து என்று நாள்தோறும் வாயில் புழங்குவதும்கூட.

> வரத்து என்றால் உள்ளே வருவது மட்டும்தானே? நினைவகத்தில் எழுதவும் செய்கிறோமே.

புதுச்சேரி அம்மா எழுப்பிய இந்தக் குறை நியாயமானது. போக்கையும் சேர்த்துப் போக்குவரத்து என்று வைக்கலாம்தான். ஆனால் பஸ்ஸை ஒரு வரிசையிலும் போக்குவரத்தை மறு வரிசையிலும் வைத்தால் கழகமே தொடங்கிவிடலாம்! வேடிக்கை இருக்கட்டும். வீட்டுக் கணினியில் மொழி மாதிரி (சாட்ஜிபிடி போல உரை எழுதும் நிரல்) ஓட்டிப் பார்ப்பவர்களைக் கேளுங்கள். வழக்கமான மாதிரியில் ஒவ்வொரு டோக்கனுக்கும் (அது எழுதும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும்) அதன் எடைகள் (அது கற்றுவைத்த எண்கள்) மொத்தத்தையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை வாசித்தாக வேண்டும். எழுதுவது அதில் சொற்பம். 6 ஜிகாபைட் மாதிரி என்றால், 360 வரத்துள்ள அட்டையில் வினாடிக்கு 60 டோக்கன் உச்சவரம்பு, 240 உள்ளதில் 40. நடைமுறையில் இதைவிடக் குறையும், கூடாது. செயலியின் பக்கம் நின்று பார்த்தால் வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். எழுதுவதைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘போக்கு’ கையிருப்பில் இருக்கிறது.

அவரே இன்னொன்றும் சொன்னார்: பிரெஞ்சில் ஆற்றில் ஓடும் நீரின் அளவுக்கும் இணைய வேகத்துக்கும் ‘தெபி’ என்ற ஒரே சொல்லாம். புதுச்சேரிக்காரர்களுக்கு நம் வரத்து அந்நியமாகப் படாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

‘பாய்வீதம்’ சொன்ன தம்பிக்கு: சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ‘தரவோட்டம்’ வேண்டவே வேண்டாம். நிரலும் ஓடுகிறது, தரவும் ஓடுகிறது என்றால் எது எதனால் நின்றது என்று எழுத முடியாது.

வரத்து மிகுந்த அட்டைதான் சிறந்தது என்று யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060-இல் வரத்து 272, கோர்கள் 3072. இரண்டுமே 12 ஜிபி 3060-ஐவிடக் குறைவு. இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் 4060 முந்துகிறது. கடிகார வேகம் கூடுதல் என்பதோடு, சில்லுக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் (அடிக்கடி வேண்டிய தரவை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்) 3 மெகாபைட்டிலிருந்து 24 ஆகியிருக்கிறது. அதனால் அடிக்கடி வெளி நினைவகத்துக்குப் போக வேண்டியதில்லை. மொழி மாதிரிக்கு 24 மெகாபைட் எந்த மூலைக்கு? அங்கே பழைய 3060 மறுபடி முன்னே வந்துவிடும். இந்தக் கேஷைக் கணக்கில் சேர்த்து ‘எஃபெக்டிவ் பேண்ட்வித்’ என்று நிறுவனங்கள் ஒரு பெரிய எண்ணைக் காட்டுகின்றன. அதைப் ‘பயனுறு வரத்து’ என்று தனியாகக் குறித்து, அசல் வரத்தோடு ஒரே வரிசையில் கலக்காமல் வைக்க வேண்டும். கற்றையகலத்தை வைத்துக்கொண்டு ‘பயனுறு கற்றையகலம்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வலுவான மறுப்பு வராவிட்டால் அட்டவணையில் இப்படிப் போடுகிறேன்:

நினைவகக் கொள்ளளவு: 12 ஜிகாபைட்
பாட்டை அகலம்: 192 பிட்
வரத்து: வினாடிக்கு 360 ஜிகாபைட்

அப்புறம், ‘ஒன் பர்சென்ட் லோ’ (ஆட்டத்தின் மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகம்) வரிசை இன்னும் காலியாகவே கிடக்கிறது. சராசரிச் சட்டக வீதம் (வினாடிக்கு இத்தனை படம்) நன்றாக இருந்தும் ஆட்டம் திக்கித் திக்கிப் போவதைக் காட்டிக்கொடுக்கும் எண் அது, விட்டுவிட முடியாது. தனிமடலில் ஒருவர் ‘கடைவீதம்’ என்று அனுப்பியிருக்கிறார். பொருள் சரி. ஆனால் அவசரத்தில் படிப்பவர்கள் கடைவீதி என்று படிப்பார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.