ஸ்கார்பியன்ஸ் கேட்டேன், பிளாக் சபாத் வந்தது

முதல் ராக் ஆல்பம் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தவறுதலாக வந்தது.

1996. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலைக்கு நின்றேன். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது, கெசட் பதிந்து தரும் கடையொன்றில் ஸ்கார்பியன்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டு வேண்டுமென்று கேட்டு ஒரு 60 நிமிட கெசட் வாங்கினேன். மேலே பேனாவால் ஸ்கார்பியன்ஸ் என்றுதான் எழுதியிருந்தது. கடைப் பையன் எந்த நினைப்பில் பதிந்தானோ.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மாமாவின் டேப் ரெக்கோடர். போட்டால் மழைச் சத்தம். வெளியே தகரத்திலும் மழை. எந்த மழை எங்கே பெய்கிறது என்றே பிடிபடவில்லை. அப்புறம் இடி. அப்புறம் ஒரு மணி, விட்டு விட்டு அடிக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "மாதா கோயில் மணி அடிக்குதே, யாருடா போனது?"

அதற்குள் கிட்டார் இறங்கிவிட்டது. மூன்றே சுரம், அதையே இழுத்து இழுத்து. நல்ல நாளும் அதுவுமா இதை நிறுத்து என்று அம்மா கத்தினார். நான் நிறுத்தவில்லை.

அது பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பம் என்று பிறகுதான் தெரியும். 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வந்தது. பாட்டையெல்லாம் ஒரே நாளில் பாடிப் பதிந்து முடித்திருக்கிறார்கள். கெசட்டின் மறுபக்கம் 1971இல் வந்த மூன்றாவது ஆல்பம், மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி. ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான், ஆல்பங்களோ அதைவிட நீளம். அதனால் இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோகும். 'இன்டு த வொய்ட்' எப்படி முடிகிறது என்பது 11 வருடம் கழித்து ஒரு எம்பி3 சிடி கிடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் பக்கம் வேலை செய்தவர். இடது கையில் மூன்று விரல் நுனி இல்லை, மெஷின் எடுத்தது. ஆனாலும் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மறுபக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோலு தொஞ்சு கெடக்குடா. தப்ப நெருப்புல காட்டாம அடிக்கிறானுங்க."

சிரித்தேன். பல வருடம் கழித்துத்தான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. சபாத்தில் கிட்டார் வாசித்த டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் இருந்தவர். வேலையை விடும் கடைசி நாளன்று வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை மெஷின் வெட்டிவிட்டது. அவர் இடக்கைக்காரர், தந்தி அழுத்துவது அந்தக் கையால்தான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். மூன்றாவது ஆல்பத்தில் தந்தியை மூன்று அரைச்சுரம் தளர்த்திவிட்டார், அழுத்த லேசாக இருக்குமென்று. மாமா காதில் விழுந்த தொய்வு அதுதான்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "அவனுக்கு எவ்வளவு நட்டஈடு குடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.

சரி, என் தீர்ப்பு: சபாத்தின் முதல் நான்கு ஆல்பங்களுக்குப் பக்கத்தில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன். லெட் செப்பலினின் நாலாவது ஆல்பத்தில் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் எட்டு நிமிடப் பாட்டைவிட, கடைசிப் பாட்டின் டிரம்ஸ்தான் எனக்குப் பெரிது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிந்தது. பள்ளத்து லயத்தில் அடிக்கிற தப்பு மேட்டு லயத்துக்கு ஏறி வரும்போது அப்படித்தான் கேட்கும். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேங்காய்ப்பால் விடாத சொதி. நிர்வாணா நல்லது, அவ்வளவுதான்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:

அண்ணா, பிங்க் ஃபுளோய்ட் பெயரையே எடுக்காமல் விட்டீர்களே! அவர்களின் த டார்க் சைட் ஒஃப் த மூன் ஆல்பம், 1973, மொத்தம் 43 நிமிடம். கெம்பஸ் லீவுக்கு வரும்போது ரயிலில் தங்கச்சிக்கு இயர்போனின் ஒரு காதைக் கொடுத்திருந்தேன். ஹட்டன் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானதும், அந்த ஆல்பத்தில் வரும் கடிகாரங்கள் எல்லாம் ஒரேயடியாக அலறின. பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து சேர்த்த சத்தமாம். தங்கச்சி வீரிட்டாள். சுரங்கத்துக்குள் பெட்டி முழுக்க ஏற்கனவே ஊளையிட்டுக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சபாத்தில் இப்படி ஒரு இடம் காட்டுங்கள் பார்ப்போம்.

கண்டியிலிருந்து ஒருவர்:

பர்மிங்காம்வரை போகிறீர்கள், கண்டியில் பேரனோயிட் எர்த்லிங் என்ற ராக் குழு இருப்பதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரன் கிட்டார் பிடித்தால் நம் காதுக்கு எட்டாது போல. ஒருமுறை நேரில் கேட்டேன், இரண்டு நாள் காதுக்குள் கொய்ங் என்று இருந்தது.

முதலில் எழுதியவர்:

பண்டாரவளைக்காரருக்கு: மழையும் மணியும் போதாதா? ஆனால் சுரங்கத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன், அப்புறம் பேசலாம். கண்டிக்காரருக்கு: குறை சரிதான், தேடிக் கேட்கிறேன்.

இன்னொன்று. 2025 ஜூலை 5ஆம் திகதி பர்மிங்காம் வில்லா பார்க்கில் சபாத்தின் பழைய நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். நாலே பாட்டு. பாடகர் ஓசி ஒஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். 17 நாளில் போய்விட்டார். எங்கள் தோட்டத்தில் கோயில் படியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மாமாவைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்து, போனில் ஒரு துண்டு போட்டுக் காட்டினேன். பாட்டைக் கேட்டதாகத் தெரியவில்லை. "வெரலு போனவன் எவன்?" என்றார். அயோமியின் கை வந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் இடது கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தார்.

"இவனுக்கு ரெண்டுதானே" என்றார்.