மாதப் பட்ஜெட்டில் ஆர்கானிக் கட்டுப்படியாகுமா?

தாம்பரத்தான்: வீட்டில் ஐந்து பேர். மளிகை, காய்கறி, பால் எல்லாம் 12,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து, மொத்தமாக ஆர்கானிக் கடைக்கு மாறிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. முடியுமா?

கணக்குப்பிள்ளை: முடியாது, அவசியமும் இல்லை. நாட்டுச்சர்க்கரையும் கரும்புச்சாறுதான், அப்பாவுக்குச் சீனி செய்வதையே அதுவும் செய்யும். மருந்தடிக்காத பொன்னியும் சோறுதான். அவர் தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், கடை மாற வேண்டாம்.

செம்மண்: சர்க்கரைக்கு அது சரி. ஆனால் மருந்தடிக்கும் ஆளைப் பற்றி யாருமே பேசுவதில்லையே? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தெளிப்பான் சுமப்பவனும் மனுசன்தானே. காயைக் கழுவினால் தோலில் இருப்பது கொஞ்சம் போகும், செடிக்குள் ஊறிய மருந்து போகாது.

கணக்குப்பிள்ளை: அண்ணே, நாங்கள் கொடுக்கும் கூடுதல் காசு விவசாயியான உங்கள் கைக்கு வருகிறதா, ஏசி கடையின் வாடகைக்குப் போகிறதா?

செம்மண்: பாதிகூட வருவதில்லை. அதனால்தான் விவசாயியிடம் நேராக வாங்கச் சொல்கிறேன். கடையில் வாங்கினால் பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' என்ற அரசின் ஆர்கானிக் முத்திரையைப் பாருங்கள். சின்ன விவசாயி நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை, சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை: அப்படியென்றால் வாய் வார்த்தையை நம்பி இரட்டை விலையா? நல்ல கதை.

அடுப்படி ராணி: இரண்டு பேரும் எண்ணெயை விட்டுவிட்டீர்கள். செக்கு எண்ணெய் என்றாலே ஆர்கானிக் ஆகிவிடாது, ஆட்டும் முறைதான் வேறு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையால் பெருக்கி, ஆட்டுகூலியைக் கூட்டி, புண்ணாக்குக் காசைக் கழியுங்கள். அதற்கும் கீழே ஒருவர் விற்றால் அதில் என்ன கலந்திருக்கிறதோ! நான் பருப்பு வாங்கிக்கொடுத்துக் கண்ணெதிரே ஆட்டி வாங்குகிறேன். விலை அதிகம்தான், அதனால் பொரியலில் ஊற்றுவதும் தானாகக் குறைந்தது.

சிறுதானியத்திலும் ஏமாறாதீர்கள். கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு உமி நீக்கும் வேலை இல்லை, அதனால் மலிவு. சாமை, வரகு, குதிரைவாலிக்கு உமி நீக்க வேண்டும், அதில் எடையும் போகும், நொய்யும் விழும். விலை ஏறுவது அங்கேதான். கேழ்வரகைச் சாதாரண மளிகைக்கடையிலேயே வாங்கிக் கல் பார்த்துக் காயவைத்து மாவுமில்லில் அரையுங்கள். அதே மாவு ஆர்கானிக் கடை டப்பாவுக்குள் போனால் விலையே வேறு.

செம்மண்: தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் கீரையை மட்டுமாவது தெரிந்த ஆளிடம் வாங்குங்கள், அல்லது தொட்டியில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை: தொட்டி, மண், உரம், தண்ணீர்… தாம்பரத்தில் தண்ணீர் லாரிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. உழவர் சந்தைக்குக் காலையில் போனால் அதே கீரை கட்டாகக் கிடைக்கும்.

தாம்பரத்தான்: எண்ணெயும் கேழ்வரகும் சரி, பட்ஜெட்டில் அடங்கும். அப்பாவுக்குக் கூழ் கொடுக்கலாமா?

அடுப்படி ராணி: கூழ் சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். களியாகவோ அடையாகவோ கீரை போட்டுக் கொடுங்கள், அளவோடு.