கலைச்சொல் வேண்டும்: ஃபீல்ட் சோப்ரைட்டி டெஸ்ட்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கும் நம்மவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்று காவலர் சாலையோரத்திலேயே வைத்துப் பார்க்கும் "ஃபீல்ட் சோப்ரைட்டி டெஸ்ட்" என்ற இடத்தில் இரண்டு நாளாக நகரவில்லை.

வண்டி கோட்டை விட்டு விலகி விலகி ஓடினால் அங்கே காவலர் நிறுத்துவார். சன்னலருகே நின்று பேசும்போதே வாடை, நாக்குழறல், உரிமத்தை எடுக்கத் தடுமாறும் விரல் எல்லாவற்றையும் கவனிப்பார். சந்தேகம் வலுத்தால் இறங்கச் சொல்லி மூன்று சோதனை வைப்பார். கண்முன் பேனாவை நகர்த்தி விழியைப் பார்ப்பது முதலாவது. குதிகாலும் விரல் நுனியும் ஒட்ட ஒன்பது அடி எடுத்துவைத்து நடந்து, திரும்பி, அதேபோல் ஒன்பது அடி எடுத்துவைத்து வருவது அடுத்தது. மூன்றாவதில் ஒற்றைக் காலில் நின்று, அவர் போதும் என்கிற வரை உரக்க எண்ண வேண்டும். 30 நொடி பார்ப்பார். 1970களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில் பிறந்தவை இவை.

நம் ஊரில் "ஊதச் சொன்னாங்க" என்பதோடு முடிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கிறதா என்று அளவைக் கேட்கிறது. அதனால் இதற்குத் தயார்ச் சொல் இல்லை. "போதைக் களச் சோதனை" என்று எழுதிப் பார்த்தேன். சரியா?

-----

வணக்கம்ங்க. "களச் சோதனை" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கள்ளுச் சோதனை என்றே காதில் விழும்! சாலையோரச் சோதனை என்று வைத்தால் என்ன?

"போதை" எனக்கு உறுத்துகிறது. போதை இருக்கிறதா என்று தெரியத்தானே சோதனை? முடிவைப் பெயரிலேயே எழுதிவிட்டால் எப்படி? சோப்ரைட்டி என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. "அவனுக்கு இன்னும் தெளியலை" என்கிறோமே, அந்தத் தெளிவுதான். தெளிவுச் சோதனை.

ஒரே சிக்கல், எங்கள் கொங்குப் பக்கம் தெளுவு என்றால் பதநீர். சங்க காலத்துத் தேறலும் தெளிந்த கள்தான். குடியும் தெளிவும் தமிழில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கிறது.

-----

மருத்துவன் என்ற முறையில் ஒன்று. "போதை" வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். விழிச் சோதனையில் காவலர் தேடுவது நிஸ்டாக்மஸ். ஓரப்பார்வை பார்க்கும்போது விழி மெல்ல நழுவி, சட்டென்று வெட்டித் திரும்பும். ஓட்டுநருக்கே அது தெரியாது, அடக்கவும் முடியாது. ஆனால் வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் மாத்திரையும் இதைக் கொடுக்கும், சிலருக்குப் பிறவியிலேயே உண்டு.

இதைச் சிலர் விழி ஊசல் என்கிறார்கள். ஊசல் இருபுறமும் ஒரே வேகத்தில் ஆடும், மதுவால் வருவது அப்படியல்ல. "கண் துடிப்பு" கூடவே கூடாது. இமை துடிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம், இடமா வலமா என்று பலன் வேறு பார்ப்பார்கள். என் பரிந்துரை விழியுதறல்.

-----

இருவருக்கும் நன்றி. விழியுதறல் துல்லியம்தான், ஆனால் "விழிநடுக்கம்" ஏற்கெனவே புழங்குகிறதே ஐயா. கையேடு படிப்பவர் தேடினால் கிடைக்கிற சொல்லையே வைத்துவிட்டு, வெட்டித் திரும்புவதை விளக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

"தெளிவு" பற்றி யோசித்தேன். நடையும் ஒற்றைக்கால் நிற்றலும் வெறும் கால் பலத்தைப் பார்ப்பவை அல்ல. சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டே உடம்பையும் நிலைநிறுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டுபவருக்கும் வேண்டியது அதுதானே? நடையில் எட்டுத் தடயங்கள் வகுத்திருக்கிறார்கள். அறிவுறுத்தல் முடியும் முன்பே நடக்கத் தொடங்குவதும் அதில் ஒன்று. அங்கே காலுக்கு வேலையே இல்லை. எட்டில் இரண்டு தென்பட்டாலே தெளிவில்லை என்பதற்கான அறிகுறியாகக் காவலர் எடுத்துக்கொள்வார். இந்தத் திறனுக்கு "பகிர்கவனம்" என்று எழுதப்போகிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

தெளிவு என்று மட்டும் வைத்தால் கண்ணாடித் தெளிவா, பேச்சுத் தெளிவா என்று குழப்பம் வரும். "நிலை" சேர்த்தால் அந்த நேரத்து ஆளின் நிலை என்று புரியும். ஆகவே சாலையோரத் தெளிநிலைச் சோதனை. கொஞ்சம் நீளம்தான். இரண்டாம் முறை வரும்போது "தெளிநிலைச் சோதனை" போதும்.

அப்புறம், "இம்பேர்ட் டிரைவிங்" பாக்கி இருக்கிறது. தூக்க மாத்திரை போட்டு ஓட்டினாலும் அதில் அடங்கும் என்பதால் "குடித்துவிட்டு ஓட்டுதல்" போதாது. "திறன்குன்றிய ஓட்டுகை" என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை. யாரிடமாவது இதைவிடச் சின்னதாக ஒன்று இருக்கிறதா?