வாலன்டினோ கையெழுத்துப் படம் யு.வி. டார்ச்சில் ஒளிர்கிறது: போலியா?

கேள்வி
மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ படம், 5க்கு 7 அங்குலம். கீழே வலது மூலையில் கரும்பழுப்பில் கையெழுத்து. 365 நானோமீட்டர் யு.வி. (புற ஊதா) டார்ச் அடித்தால் முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்கிறது. அவர் இறந்தது 1926 ஆகஸ்டில். அப்படியென்றால் இது பிற்காலப் பிரதியா? கூடவே நடிகை லிலியன் கிஷ் படம் ஒன்றும் வாங்கினேன். கையெழுத்து நீல பால்பாயின்ட் பேனாவில் இருக்கிறது. இரண்டையும் திருப்பிக் கொடுக்க நான்கு நாள்தான் கெடு.

பதில் 1
உறைக்குள் வைத்தே டார்ச் அடித்தீர்களா? சில பிளாஸ்டிக் உறைகள் தாமே ஒளிரும். படத்தை வெளியே எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, இருட்டில் கறுப்புத் துணி மேல் கவிழ்த்துப் பின்பக்கம் அடியுங்கள். ஒப்பிடப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் வையுங்கள். போட்டோ தாளில் வெண்மையூட்டி (யு.வி.யில் ஒளிரும் ரசாயனம்) சேர்க்கத் தொடங்கியது 1950களின் ஆரம்பத்தில். ஆகவே தாள் ஒளிர்ந்தால் வாலன்டினோ கை பட்டதல்ல. ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது. பிற்காலத்திலும் வெண்மையூட்டி இல்லாத தாள்கள் வந்தன.

கேட்டவர்
உறைக்குள்தான் இருந்தது! வெளியே எடுத்ததும் ஜெராக்ஸ் தாள் மட்டுமே பளிச்சிடுகிறது. படத்தைச் சாய்த்தால் கறுப்புப் பகுதிகளில், ஓரத்தை ஒட்டி, வெள்ளி மினுமினுப்பு தெரிகிறது.

பதில் 2
அது வயதான படத்தில் வெள்ளி மேலெழுந்து படிவது, நல்ல அறிகுறி. துடைத்துவிடாதீர்கள். ஆனால் படம் பழையது என்பதால் கையெழுத்தும் அசல் ஆகாது. 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி) எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பாருங்கள். ஊற்றுப்பேனா என்றால் கோடு முடியும் இடத்தில் மை தேங்கியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடம் அடர்ந்திருக்கும். ரப்பர் ஸ்டாம்ப் என்றால் கோட்டின் ஓரம் தடித்து நடு வெளிறியிருக்கும். கையெழுத்து நெகட்டிவிலேயே இருந்து பிரின்ட் போட்டிருந்தால் மேலே மையே இருக்காது. விளக்கொளி கையெழுத்தின் மீது தடையின்றி வழுக்கி ஓடும். ஈரப்பஞ்சால் சோதிக்கவே கூடாது, அசலாக இருந்தால் மை கரைந்துவிடும்.

கேட்டவர்
ஒளி தடையில்லாமல் ஓடுகிறது. கையெழுத்தின் நிறமும் அவர் போட்டிருக்கும் கோட் நிழலின் பழுப்பும் ஒன்றேதான்.

பதில் 2
அப்படியானால் நெகட்டிவிலிருந்து வந்த கையெழுத்து. ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாக மொத்தமாக அச்சிட்டு அனுப்பிய வகை. படத்தை வைத்துக்கொள்ளத் தகும், கையெழுத்துக்கான விலை கொடுக்கத் தகாது. 'கையால் இட்டது' என்று விற்றிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

பதில் 1
கிஷ் படத்தில் அவசரம் வேண்டாம். அமெரிக்கக் கடைகளுக்குப் பால்பாயின்ட் வந்தது 1945 அக்டோபரில். 1930இல் இறந்த நடிகர் லான் சேனி படத்தில் அது இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. கிஷ் 1993 வரை வாழ்ந்தவர், அவருடைய பழைய படத்தில் பால்பாயின்ட் இருப்பது குறையல்ல. அந்தத் தாள் ஒளிர்ந்தாலும் பயமில்லை. ஒப்பிடும்போது 1920களின் கையெழுத்தை எடுக்காதீர்கள். முதுமையில் அவர் இட்டவற்றோடு வைத்துப் பாருங்கள். செயலர்கள் போட்டுக்கொடுப்பதும் உண்டு என்பதால் எழுத்தின் வேகமும் சாய்வும்தான் முக்கியம். தயங்கித் தயங்கி வரைந்த கோடு லூப்பில் நடுங்கித் தெரியும்.

உறை பிளாஸ்டிக் வாடை அடித்தால் அநேகமாக பி.வி.சி.தான். இன்றே எடுத்துவிடுங்கள், நாளடைவில் மையையும் படத்தையும் ஒட்டி இழுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.