பரிசு நூலில் ஓவியத்தை வெட்டிப் போடலாமா?

தூரிகை:
கிறிஸ்தவ ஓவியங்களையும் விசுவாசச் சிந்தனைகளையும் சேர்த்துத் தரும் பரிசு நூல்களில் முழு ஓவியத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒரு கை, ஒரு முகம், எதிர்ப்பக்கத்தில் பத்து வரி தியானம். அவ்வளவுதான். இது தவறு என்பது என் கட்சி.

கரவாஜியோவின் 'மத்தேயுவின் அழைப்பு' (1599–1600) ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு வலது ஓரத்தில் நிற்கிறார், உடலில் பெரும்பகுதியைப் பேதுரு மறைக்கிறார். மேசையில் தாடிக்காரர் ஒருவர் விரல் நீட்டுகிறார். "என்னையா?" என்கிறாரா, பக்கத்தில் குனிந்து காசைப் பார்க்கும் இளைஞனைக் காட்டுகிறாரா, இருவரில் யார் மத்தேயு என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். இயேசுவின் கையை மட்டும் வெட்டிப் போட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

மெழுகுதிரி:
கணக்குப் போட்டுப் பாருங்க தூரிகை. ரெம்ப்ராண்டின் 'ஊதாரி மைந்தன் திரும்புதல்' 262 செ.மீ. உயரம். பரிசு நூலில் படத்துக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் 20 செ.மீ. பதிமூன்றில் ஒரு பங்கு. மகன் முதுகில் படிந்திருக்கும் தந்தையின் கைகள் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிடும். ஒரு கை அகன்று முரடா, இன்னொன்று மென்மையா இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியும்? செருப்பு கழன்ற அந்தப் பாதம்? வெட்டிப் பெரிதாக்கினால்தான் வாசகர் அங்கே நிற்பார்.

தூரிகை:
வெட்டும்போது முதலில் பலியாவது யார்? வலப்பக்கம் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கும் மூத்த மகன். லூக்கா 15-இல் உவமையின் பிற்பாதி முழுக்க, தம்பிக்கு விருந்தா என்று கோபித்து வீட்டுக்குள் வர மறுக்கும் அவனைப் பற்றியது. அவனை நீக்கிவிட்டு "தந்தையின் அன்பு" என்று தலைப்பிட்டால் பாதி உவமைதான் அச்சாகிறது.

அச்சுமை:
இரண்டு பேரும் தாளை மறந்துவிட்டீர்கள்.

வெட்டுவதற்கு முதலில் படக்கோப்பு தாங்க வேண்டும். 20 × 25 செ.மீ. படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் சுமார் 2,360 × 2,950 பிக்சல் போதும். ஓவியத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டி அதே அளவில் போட வேண்டுமானால் மூலக்கோப்பு 23,600 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். இணையத்தில் இறக்கிய கோப்பிலிருந்து வெட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். திரையில் பளிச்சென்று இருக்கும், அச்சில் பஞ்சாகிவிடும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமை இல்லாத ஓவியங்களின் படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகிறது, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகமும் பெரிய கோப்புகள் தருகிறது. மற்ற இடங்களில் ஓவியர் இறந்து நானூறு ஆண்டு ஆகியிருந்தாலும் புகைப்படத்துக்கு என்ன விதி என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது இரட்டைப்பக்க மோகம். லியோனார்டோவின் 'இறுதி இராவுணவு' 460 × 880 செ.மீ. அதை இரண்டு பக்கத்துக்கு விரித்தால் நட்டநடுவில் யார் இருக்கிறார்? இயேசு. அவர் முகம் நேராக மடிப்புக்குள் போய்விடும். பசைக் கட்டில் அந்த இடத்தைத் திறந்து பார்க்கவே முடியாது. தையல் கட்டு தேவலை, ஆனால் ஒரே பெரிய தாளை மடித்து வரும் 16 பக்கப் படிவத்தில் எட்டு–ஒன்பது பக்கம் மட்டும்தான் வெட்டுப்படாத ஒரே தாள். மற்ற இடங்களில் இரு பாதிகளும் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம். ஒரே பக்கத்தில் 20 செ.மீ. அகலத்தில் போடுங்கள். உயரம் பத்தரை வரும், மேலும் கீழும் வெள்ளை விட்டுவிடுங்கள்.

கருப்பும் பெரிய தொல்லை. கரவாஜியோவின் இருட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மையும் (ஒவ்வொன்றும் 100 சதவீதம் வரை) சேர்ந்து 320 சதவீதத்தைத் தாண்டினால் உலராமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். தியான நூல் என்றதும் பூச்சில்லாத தந்தநிறத் தாள் கேட்கிறார்கள். அது மையை உறிஞ்சி, பழுப்பும் கருப்பும் ஒன்றாகிவிடும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள, பளபளக்காத மங்கல் பூச்சுத் தாள் எடுங்கள். ஐகான்கள் எனும் கிழக்கத்தியத் திருச்சபைப் புனிதப் படங்களின் தங்கப் பின்னணி நான்கு வண்ணத்தில் கடுகு நிறமாகத்தான் வரும், ஐந்தாவதாக உலோக மை சேர்த்தால் ஓரளவு தேறும்.

மெழுகுதிரி:
சரி, ஒரு கேள்வி. பிளாரன்ஸ் சான் மார்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்சலிகோ துறவிகளின் அறைச்சுவரில் வரைந்ததெல்லாம் செபத்துக்காகத்தானே? ஏழாம் அறையில் கண் கட்டப்பட்ட இயேசுவைச் சுற்றி வெறும் கைகளும், துப்புகிற ஒரு தலையும் மட்டும் மிதக்கும். உடம்பே கிடையாது. வெட்டினால் தியானம் கெடும் என்றால் அவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள்!

தூரிகை:
நல்ல அடி. ஆனால் அதே சுவரில் கீழே மரியாளும் புனித தோமினிக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள், தோமினிக்கின் மடியில் புத்தகம். ஓவியர் தானே எண்ணிப் பார்த்துச் செய்த அமைப்பு அது. பக்க வடிவமைப்பாளர் இடம் போதாமல் வெட்டுவதும் அதுவும் ஒன்றாகாது.

தாள்மணம்:
படத்தை விட எழுத்துதான் பல நூல்களில் நோஞ்சான். ஒரு சோதனை செய்யுங்கள்: படத்தை மறைத்துவிட்டுச் சிந்தனையை வாசியுங்கள். ஒன்றுமே குறையவில்லை என்றால் அது அந்தப் படத்துக்கு எழுதியதல்ல. க்ரூனெவால்டின் ஈசன்ஹைம் பீடஓவியம் (1512–1516) அந்தோனியார் சபையின் மடத்துக்காக வரைந்தது. பூஞ்சை பிடித்த கம்பு தானியத்தால் வரும் 'அந்தோனியார் நெருப்பு' நோயாளிகளை அங்கே பராமரித்தார்கள். சிலுவையில் இயேசுவின் தோல் முழுக்கப் புண்கள். நோயாளி தன் உடம்பையே அங்கே கண்டிருப்பார். இதைச் சொல்லாமல் "அவர் நமக்காகப் பாடுபட்டார்" என்று மட்டும் எழுதினால், அதை எந்தச் சிலுவைப் படத்தடியிலும் ஒட்டலாம்.

மெழுகுதிரி:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அளவோடு. ஆண்டு, அளவு, இருக்குமிடம் எல்லாம் சிந்தனைக்குள் நுழைந்தால் அருங்காட்சியக அட்டை ஆகிவிடும். அதைக் கடைசிப் பட்டியலுக்குத் தள்ளுங்க.

அச்சுமை:
என்றால் இப்படி: வலப்பக்கம் வெட்டிய பகுதி, கீழே "பகுதி" என்ற குறிப்பு. இடப்பக்கம் சிந்தனை, அதன் தலைமாட்டில் முழு ஓவியம் 6 செ.மீ. உயரத்தில்.

தூரிகை:
ஆறு சென்டிமீட்டரில் மூத்த மகனின் முகம் அரை சென்டிமீட்டர்கூட இருக்குமா? அவன் வீட்டுக்குள் வருவானா மாட்டானா என்பதே அந்த முகத்தில்தான் இருக்கிறது.

தாள்மணம்:
முழு ஓவியத்தை 11 செ.மீ. ஆக்கி, சிந்தனையை 120 சொல்லில் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது, எழுதுகிறவர்தான் விட்டுத்தர மாட்டார்.