வற்றிய பாத்ஃபைண்டரில் வால்ஐயும் ட்ரவுட்டும்

ஏரி வற்றினால் மீன் பிடிக்கப் போவது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் வால்ஐ (walleye) என்ற மீனைப் பிடிக்க அதுதான் நல்ல காலம், குளிர்ந்த தண்ணீர் மீனான ட்ரவுட்டுக்குத்தான் (trout) ஆபத்து.

வேலைக்காக வயோமிங் மாநிலத்துக் காஸ்பரில் இருக்கிறேன். இங்கே நார்த் பிளாட் ஆற்றில் செமினோ, கோர்டெஸ், பாத்ஃபைண்டர், ஆல்கோவா என்று வரிசையாக அணைகள். பாத்ஃபைண்டரைக் கருங்கல்லால் கட்டி முடித்தது 1909-இல். நிறைந்தால் நம் மேட்டூரில் பாதித் தண்ணீர் பிடிக்கும். மலையில் பனி பொய்த்த வருடம் வரத்து குறையும், பாசனத்துக்கோ திறந்துவிட்டே ஆக வேண்டும்.

அப்படி ஒரு கோடையில் போனேன். படகு இறக்கும் சிமெண்ட் சரிவு பாதியிலேயே முடிந்து, அதற்குக் கீழே வெடித்த சேறு, அதையும் தாண்டித்தான் தண்ணீர். படகோடு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு, வழக்கமாக மூழ்கிக் கிடக்கும் பாறைத் திட்டும் ஆற்றின் பழைய தடமும் கண்ணெதிரே தெரிந்தன. அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்த பிறகும் வால்ஐ தேடி வரும் இடங்கள் அவைதான்.

வால்ஐயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னும். மங்கிய வெளிச்சத்திலும் அதற்குக் கண் தெரியும், அதனால்தான் பொழுது சாய்ந்ததும் கலங்கிய கரையோரத்துக்கு இரை தேடி வருகிறது. ஈயக் குண்டு தரையைத் தட்டிக்கொண்டு வர, முழு மண்புழுவைக் கோத்து மெதுவாக இழுக்க வேண்டும். கடித்த மீன் வெடுக்கென்று இழுக்காது. பாசியில் மாட்டியது போல நூல் கனக்கும், அவ்வளவுதான்.

ட்ரவுட் விஷயம் வேறு. மேல் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது குளிர்ச்சி தேடிக் கீழே இறங்கும். அடி ஆழத்திலோ பிராணவாயு குறைவு. நடுவில் மிஞ்சும் அடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் மீனைச் சூடான தண்ணீர் வழியாக மேலே இழுத்தால், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அன்று மதியம் ஒருவர் பக்குவமாகத்தான் ஒரு ரெயின்போ ட்ரவுட்டை விடுவித்தார். கொஞ்ச நேரத்தில் அது வயிறு மேலாக மிதந்து வந்தது. பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒன்றும் பேசாமல், நூலில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். எந்த மீனுக்குத் தூண்டில் போடுவது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். இப்போது என் பையிலும் ஒன்று இருக்கிறது.

ட்ரவுட்தான் வேண்டும் என்றால் கோர்டெஸ் அணைக்குக் கீழே, பாத்ஃபைண்டர் ஏரிக்கு மேலே உள்ள மிராக்கிள் மைல் என்ற ஆற்றுப் பகுதிக்குப் போங்கள். வறட்சியிலும் அங்கே வினாடிக்குக் குறைந்தது 500 கன அடி விட வேண்டும் என்பது சட்டம். பாத்ஃபைண்டர் வற்ற வற்ற அந்த ஆற்றுப் பகுதி நீண்டுகொண்டே போகும், நடந்து போட நிறைய இடம் கிடைக்கும். அப்புறம், வழி முழுக்கத் தார்ச் சாலை இல்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.